காரணம் இருந்தால் சுதந்திரம் இல்லையா? உளவியலில் சுயவிருப்பமும் நிர்ணயவாதமும்

பார்க்கின்சன் நோயாளிகளுக்குத் தரும் மருந்துகளில் பிரமிபெக்ஸோல் என்று ஒரு மாத்திரை உண்டு. மூளையில் நரம்பணுக்களுக்கிடையே செய்தி கடத்தும் டோபமைன் என்ற வேதிப்பொருள் குறைந்துபோவதால் வரும் நோய் அது. இந்த மாத்திரை டோபமைனின் இடத்தில் நின்று வேலை செய்யும். நடுக்கம் குறையும், இறுகிப்போன உடம்பு கொஞ்சம் இளகும். 2005-ல் அமெரிக்காவின் மேயோ கிளினிக் மருத்துவர்கள் 11 நோயாளிகளைப் பற்றி ஓர் ஆய்விதழில் எழுதினார்கள். பார்க்கின்சனுக்காக இந்த வகை மருந்தைச் சாப்பிட்டுவந்த அந்தப் 11 பேரும் சூதாட்டத்தில் மூழ்கியிருந்தார்கள். அவர்களில் ஒன்பது பேர் சாப்பிட்டது பிரமிபெக்ஸோல். மருந்தை நிறுத்தியதும் அல்லது அளவைக் குறைத்ததும் பலருக்கு அந்த வெறி விட்டுப்போனது. இன்று இந்த மருந்தோடு வரும் தகவல் தாளிலேயே சூதாட்ட வெறியும் கட்டுக்கடங்காமல் பொருள் வாங்குவதும் பக்கவிளைவுகளாக அச்சிடப்பட்டிருக்கின்றன. (இதைப் படித்துவிட்டு யாரும் தாமாக மருந்தை நிறுத்திவிட வேண்டாம். திடீரென்று நிறுத்துவது ஆபத்து; மருத்துவரிடம் சொன்னால் அவர் மாற்றித் தருவார்.)

அந்தப் 11 பேரையும் யாரும் பிடித்துத் தள்ளிக்கொண்டு போகவில்லை. தாங்களாகத்தான் கிளம்பிப் போனார்கள், ஆசைப்பட்டுத்தான் ஆடினார்கள். ஆனால் அந்த ஆசை ஒரு மாத்திரையோடு வந்தது, மாத்திரையோடு போனது. அப்படியானால் சூதாடியது யார்? அந்த மனிதரா, மாத்திரையா? இன்னொரு கேள்வியும் கூடவே வருகிறது. மாத்திரை எதுவும் சாப்பிடாத நம்முடைய ஆசைகள் மட்டும் எங்கிருந்து வருகின்றன? நம் மூளையிலும் அதே டோபமைன்தான் வேலை செய்கிறது.

உளவியலில் நூறு ஆண்டுகளுக்கும் மேலாக நடந்துவரும் ஒரு வாதம் இந்தக் கேள்வியைச் சுற்றித்தான். எந்த நிகழ்வும் காரணமில்லாமல் நடப்பதில்லை, மனித நடத்தையும் அதற்கு விலக்கல்ல என்று சொல்வது நிர்ணயவாதம். மரபணு, மூளை, வளர்ந்த விதம், இப்போது நிற்கும் சூழல் எல்லாம் சேர்ந்துதான் ஒருவர் அடுத்து என்ன செய்வார் என்பதை முடிவு செய்கின்றன என்பது அதன் நிலை. எதிர்த்தரப்பு சுயவிருப்பம். அதே சூழலில், அதே மனநிலையில் நின்றபடியே நான் வேறொன்றைச் செய்திருக்கவும் முடியும், தேர்வு உண்மையிலேயே என் கையில் இருந்தது என்கிறது அது.

தொடங்கும்போதே ஒரு குழப்பத்தை விலக்கிவிட வேண்டும். நிர்ணயவாதம் என்றதும் நமக்குத் தலையெழுத்துதான் நினைவுக்கு வரும். இரண்டும் ஒன்றல்ல. நீ என்ன செய்தாலும் நடக்க வேண்டியது நடந்தே தீரும் என்பது தலையெழுத்து; அங்கே நம் முயற்சிக்கு மதிப்பே இல்லை. நிர்ணயவாதத்தில் நம் முயற்சியும் ஒரு காரணம். படித்ததால் தேறினான், படிக்காததால் தவறினான் என்பதை நிர்ணயவாதி மறுப்பதில்லை. அவனைப் படிக்கவைத்தது எது என்று இன்னும் ஓரடி பின்னால் போய்க் கேட்பார், அவ்வளவுதான். இந்த வேறுபாடு தெரியாமல் இந்த விவாதத்துக்குள் போனால், 'எல்லாம் மூளைதான் என்றால் எதற்கு முயற்சி செய்ய வேண்டும்' என்ற சோர்வுதான் மிஞ்சும். அந்தச் சோர்வுக்கு நிர்ணயவாதம் பொறுப்பல்ல.

உளவியலின் பெரிய பெயர்களில் பலர் நிர்ணயவாதிகள்தான். வாய் தவறி வரும் சொல்லுக்குக்கூட மனதின் அடியில் ஒரு காரணம் இருக்கும் என்றார் ஃபிராய்டு. அமெரிக்காவின் பி. எஃப். ஸ்கின்னர் காரணங்களை உள்ளே தேடவில்லை, வெளியே தேடினார். புறாக்களையும் எலிகளையும் வைத்து அவர் கண்டது இது: ஒரு செயலுக்குப் பின்னால் என்ன கிடைக்கிறது என்பதுதான் அந்தச் செயல் மீண்டும் நடக்குமா என்பதைத் தீர்மானிக்கிறது. புறா ஒரு வில்லையைக் கொத்தும்போது ஒவ்வொரு முறையும் தானியம் போட்டால், தானியம் நின்றதும் கொத்துவதும் சீக்கிரம் நின்றுவிடும். எத்தனையாவது கொத்துக்குத் தானியம் விழும் என்று ஊகிக்க முடியாதபடி வைத்தால், புறா ஓயாமல் கொத்தும். தானியம் வருவது நின்றபின்னும் வெகுநேரம் விடாது. சூதாட்ட இயந்திரமும் இதே முறையில்தான் ஆளைக் கட்டிப்போடுகிறது என்று ஸ்கின்னரே சுட்டிக்காட்டினார். அந்த இயந்திரத்தின் முன்னால் உட்கார்ந்திருப்பவரைக் கேட்டால், தன் விருப்பப்படி ஆடுவதாகத்தான் சொல்வார். 1971-ல் ஸ்கின்னர் இன்னும் கடுமையாகப் பேசினார். தன்னாட்சியுள்ள மனிதன் என்ற கருத்தே நம் அறியாமையால் நிற்கிறது. நடத்தையின் காரணம் தெரியாத இடங்களில்தான் அதைச் சுதந்திரம் என்கிறோம் என்பது அவர் வாதம்.

மறுபக்கம் நின்றவர்களில் கார்ல் ரோஜர்ஸ் முக்கியமானவர். சிகிச்சை அறையில் பல்லாண்டுகள் மனிதர்களின் பேச்சைக் கேட்டவர். ஒருவர் தன் வாழ்க்கையைத் தானே திருப்பிக்கொள்ளும் தருணங்களை அங்கே நேரில் பார்த்ததாகவும், அந்தத் தேர்வை வெறும் மாயை என்று தள்ள முடியாது என்றும் அவர் சொன்னார். ரோஜர்ஸும் ஸ்கின்னரும் மேடையில் மோதினார்கள். அந்த விவாதம் 1956-ல் சயின்ஸ் இதழில் வெளியானது. இன்னொரு உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூரா நடுவே ஒரு பாலம் போட்டார்: சூழல் மனிதனை ஆக்குகிறது, மனிதன் தன் செயலால் சூழலை மாற்றுகிறான், மாறிய சூழல் மறுபடி அவனை ஆக்குகிறது.

இவர்களுக்கெல்லாம் முன்னால் வில்லியம் ஜேம்ஸ் இருக்கிறார். அமெரிக்க உளவியலின் தொடக்கமே அவரிடமிருந்துதான். 28 வயதில் கடுமையான மனச்சோர்வில் கிடந்தார். மனிதன் வெறும் இயந்திரமோ என்ற எண்ணம் அவரை அரித்துக்கொண்டிருந்தது. 1870 ஏப்ரல் 30 அன்று, பிரெஞ்சுத் தத்துவவாதி ரெனூவியேவைப் படித்த பிறகு, தன் சுயவிருப்பத்தின் முதல் செயல் சுயவிருப்பம் இருப்பதாக நம்புவதே என்று நாட்குறிப்பில் எழுதிக்கொண்டார். மெல்ல மெல்லத் தேறினார். ஆனால் உளவியலாளராக அவர் காட்டிய நேர்மையைப் பாருங்கள். 1890-ல் வெளியிட்ட பெருநூலில், இந்தக் கேள்வியை உளவியலின் கருவிகளை மட்டும் வைத்துத் தீர்க்க முடியாது என்றே எழுதினார். தன்னைக் காப்பாற்றிய நம்பிக்கையை அவர் அறிவியல் முடிவாக விற்கவில்லை.

லிபெட்டின் கடிகாரம்

தீர்க்க முடியாது என்று ஜேம்ஸ் சொன்னதை ஆய்வகத்தில் தீர்த்துவிட்டதாக ஒரு பேச்சு 1983-க்குப் பிறகு கிளம்பியது. அந்தச் சோதனையைப் பற்றி இணையத்தில் பாதி மட்டுமே சொல்லப்படுவதால், கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் சான் பிரான்சிஸ்கோ வளாகத்தில் இருந்தவர் பெஞ்சமின் லிபெட். தலையில் மின்முனைகளையும், முன்கையில் தசை அசைவைப் பதிவு செய்யும் முனைகளையும் ஒட்டி ஒருவரை உட்காரவைப்பார். எதிரே ஒரு திரையில் கடிகார வட்டம்; அதில் ஓர் ஒளிப்புள்ளி 2.56 வினாடிக்கு ஒரு சுற்று வரும். தோன்றும்போது மணிக்கட்டை மடக்குங்கள், முன்கூட்டித் திட்டமிட வேண்டாம் என்பார். மடக்கிய பிறகு ஒரு கேள்வி: 'மடக்க வேண்டும் என்ற உந்துதல் உங்களுக்கு முதலில் தெரிந்தபோது புள்ளி எங்கே இருந்தது?'

கிடைத்த எண்கள் இவை. கை அசைவதற்குச் சுமார் 200 மில்லிவினாடிக்கு முன்னால்தான் உந்துதல் தெரிந்ததாக ஆட்கள் சொன்னார்கள். ஆனால் மூளையில் ஒரு மின்னழுத்த மாற்றம் அசைவுக்குச் சுமார் 550 மில்லிவினாடிக்கு முன்பே தொடங்கியிருந்தது. இதற்குத் தயார்நிலை அழுத்தம் என்று பெயர். 1965-ல் ஜெர்மனியில் கோர்ன்ஹூபரும் டீக்கேயும் இதைப் பற்றி ஏற்கெனவே எழுதியிருந்தார்கள். ஆக, நமக்குத் தெரிவதற்கு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு வினாடிக்கு முன்பே மூளை கிளம்பிவிட்டது. முடிவை மூளை எடுக்கிறது, நமக்குத் தகவல் மட்டும் தாமதமாக வருகிறது என்று பலர் படித்துக்கொண்டது இப்படித்தான்.

லிபெட் அந்த முடிவுக்குப் போகவில்லை. உந்துதல் தெரிந்த பிறகும் அசைவு நடக்கும் முன்பும் ஒரு சிறிய இடைவெளி இருக்கிறது. அதற்குள் வேண்டாம் என்று நிறுத்த முடியும் என்றார். தொடங்குவது நம் கையில் இல்லாவிட்டாலும் தடுப்பது நம் கையில் இருக்கலாம் என்பது அவர் கருத்து. 2008-ல் ஜெர்மனியில் ஜான் டிலன் ஹெய்ன்ஸ் குழு மூளையின் எந்தப் பகுதி வேலை செய்கிறது என்று ரத்த ஓட்டத்தை வைத்துக் காட்டும் எஃப்எம்ஆர்ஐ படக்கருவியை வைத்து இன்னும் பின்னால் போனது: ஒருவர் இடது பொத்தானை அழுத்துவாரா வலதையா என்பதற்கான சமிக்ஞையை, அவர் முடிவெடுத்ததாக உணர்வதற்குப் பல வினாடிகள் முன்பே மூளையில் படிக்க முடிந்தது. செய்தித்தாள்கள் 'பத்து வினாடிக்கு முன்பே' என்று எழுதின. ஆனால் அந்தக் கணிப்பு சரியாக இருந்தது ஏறத்தாழ 60 சதவீதம்தான். நாணயத்தைச் சுண்டினாலே 50 வரும். முன்சாய்வு ஒன்று இருக்கிறது என்று சொல்ல இது போதும். முடிவு எடுத்தாயிற்று என்று சொல்லப் போதாது.

இந்த ஆய்வுகளின் வேரிலேயே கைவைத்தவர் ஆரோன் ஷர்கர். ஒரே ஒரு அசைவுக்கான தயார்நிலை அழுத்தம் மிகச் சிறியது. மூளையின் மற்ற மின் இரைச்சலில் காணாமல் போய்விடும். அதனால் லிபெட் 40 அசைவுகளை எடுத்து, ஒவ்வொன்றிலும் கை அசைந்த நொடியை ஒரே கோட்டில் நிறுத்தி, அங்கிருந்து பின்னோக்கிச் சராசரி கண்டார். 2012-ல் ஷர்கரும் அவர் குழுவும் கேட்டது இதைப் பற்றித்தான். மூளையின் செயல்பாடு எப்போதும் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கிறது. கையை எப்போது மடக்கினாலும் ஒன்றுதான் என்ற நிலையில், அந்த ஏற்றம் தற்செயலாக ஒரு எல்லையைத் தொடும்போது கை அசைகிறது என்று வைத்துக்கொள்வோம். அசைந்த நொடிகளை மட்டும் பொறுக்கி எடுத்துப் பின்னோக்கிச் சராசரி பார்த்தால், இயல்பாகவே ஒரு ஏறுமுகம் தெரியும். அது மூளை முன்கூட்டி எடுத்த முடிவாக இருக்க வேண்டியதில்லை. ஏற்றத்தில் இருந்த நொடிகளாக நாமே தேர்ந்தெடுத்ததால் வந்த தோற்றமாகவும் இருக்கலாம். ஷர்கரின் கணித மாதிரி லிபெட்டின் வளைகோட்டுக்கு நன்றாகவே பொருந்தியது.

எனக்கு எப்போதும் உறுத்துவது வேறொன்று. காரணமே இல்லாமல் மணிக்கட்டை மடக்குவதைப் பார்த்துவிட்டு, திருமணம், வேலை, மன்னிப்பு பற்றி எப்படிப் பேச முடியும்? 2019-ல் யூரி மாவோஸ் குழு இதைத்தான் சோதித்தது. இரண்டு தொண்டு அமைப்புகளில் எதற்கு நிஜப் பணம் போக வேண்டும் என்று ஆட்கள் தேர்ந்தெடுத்தார்கள். எதை அழுத்தினாலும் இரண்டுக்கும் பணம் சமமாகப் போகும் என்ற சுற்றுகளில் தயார்நிலை அழுத்தம் வந்தது. தேர்வுக்கு உண்மையான விளைவு இருந்த சுற்றுகளில் அது ஏறக்குறைய இல்லாமலே போனது. சுயவிருப்பம் நிரூபணமாகிவிட்டது என்று இதற்குப் பொருளல்ல. யோசித்து எடுக்கும் முடிவுகளுக்கும் மூளையில் காரணங்கள் இருக்கும். லிபெட் பார்த்தது அவற்றை அல்ல.

நாம் சொல்லும் காரணம்

லிபெட்டைவிட என்னை அதிகம் அசைத்தது மைக்கேல் கஸ்ஸானிகாவின் ஒரு சோதனை. கடுமையான வலிப்பு நோய்க்காக மூளையின் இரண்டு அரைக்கோளங்களையும் இணைக்கும் நரம்புக்கற்றையைத் துண்டித்த நோயாளிகளை அவர் ஆராய்ந்தார். அப்படி ஒருவருக்கு, பேச்சைக் கையாளும் இடது மூளைக்கு மட்டும் ஒரு கோழிக்காலைக் காட்டினார்கள். அதே நேரத்தில் வலது மூளைக்கு மட்டும் பனி மூடிய காட்சி. பிறகு எதிரே இருந்த படங்களில் பொருத்தமானதைக் காட்டச் சொன்னபோது, வலது கை கோழியைத் தொட்டது. வலது மூளை இயக்கும் இடது கை மண்வாரியைத் தொட்டது, பனியை அள்ள. ஏன் மண்வாரி என்று கேட்டார்கள். பதில் சொல்ல வேண்டிய இடது மூளைக்குப் பனிக்காட்சி தெரியவே தெரியாது. ஆனாலும் அவர் தயங்கவில்லை. கோழிக்காலுக்குக் கோழி, கோழிக்கூண்டைச் சுத்தம் செய்ய மண்வாரி என்று உடனே சொன்னார். பொய் சொல்லவில்லை, அதைத்தான் உண்மையென்று நம்பினார்.

அறுவை சிகிச்சை செய்துகொள்ளாத நாமும் இப்படித்தான். 1977-ல் நிஸ்பெட்டும் வில்சனும் வெளியிட்ட ஆய்வில், கடைக்கு வந்தவர்கள் வரிசையாக வைத்திருந்த நான்கு ஜோடி நைலான் காலுறைகளில் சிறந்ததைத் தேர்ந்தெடுத்தார்கள். நான்கும் ஒன்றேதான். வலது ஓரத்தில் இருந்ததை 40 சதவீதம் பேரும் இடது ஓரத்தில் இருந்ததை 12 சதவீதம் பேரும் எடுத்தார்கள். ஏன் என்று கேட்டபோது தரத்தைப் பற்றித்தான் பேசினார்கள். இருந்த இடத்தை ஒருவர்கூடக் காரணமாகச் சொல்லவில்லை.

நிர்ணயவாதத்தின் உண்மையான பலம் இங்கேதான் இருக்கிறது என்பேன். நம் செயலின் காரணம் நமக்குத் தெரியும் என்ற உறுதி பல நேரம் தவறு. 'நானே விரும்பித்தான் செய்தேன்' என்ற உணர்வு வந்துவிட்டதாலேயே அந்தச் செயல் சுதந்திரமானது ஆகிவிடாது.

காரணங்களுக்குள் ஒரு சுதந்திரம்

அப்படியென்றால் சுதந்திரமே இல்லையா? சுதந்திரம் என்றால் காரணமே இல்லாத செயல் என்று பொருள் கொண்டால், ஆம், அப்படி ஒன்று இல்லை. இருந்தாலும் அது வேண்டியதில்லை. எந்தக் காரணமும் இல்லாமல் என் கை உயர்ந்தால் அது வலிப்பு, விருப்பமல்ல. அணுக்களின் உலகில் தற்செயல் உண்டே என்று குவாண்டம் இயற்பியலை இழுத்துவருபவர்கள் மறப்பதும் இதைத்தான். தற்செயலாக நடப்பதும் என் தேர்வு ஆகாது.

மூன்றாவது ஒரு பாதை உண்டு. இணக்கவாதம் என்பார்கள், உளவியல் பாடங்களில் மென் நிர்ணயவாதம் என்ற பெயரிலும் வரும். இதன்படி, செயலுக்குக் காரணம் இருப்பது சிக்கலல்ல; எந்த வகைக் காரணம் என்பதே கேள்வி. தத்துவவாதி ஹாரி ஃபிராங்க்ஃபர்ட் 1971-ல் இதைத் தெளிவாக வைத்தார். மனிதனுக்கு ஆசைகள் மட்டுமல்ல, ஆசைகளைப் பற்றிய ஆசைகளும் உண்டு. போதைக்கு அடிமையான ஒருவருக்குப் போதை வேண்டும்; ஆனால் அந்த வேட்கையே வேண்டாம் என்றும் இருக்கலாம். எந்த ஆசை தன்னை நடத்த வேண்டும் என்று விரும்புகிறாரோ அதுவே நடத்தும்போது அவர் சுதந்திரமானவர். இந்தக் கணக்கில் சுதந்திரம் உண்டு, இல்லை என்று பிரிப்பதற்கில்லை. கூடவும் குறையவும் செய்யும் ஒரு திறன் அது. தூக்கமின்மை, மனச்சோர்வு, வறுமை, ஒரு மாத்திரை எதுவும் அதைச் சுருக்கும். சிகிச்சையும் பயிற்சியும் நல்ல சூழலும் அதை விரிக்கும். நான் நிற்பது இந்தப் பக்கம்தான்.

சூழல் எவ்வளவு விரிக்கும் என்பதற்கு வியட்நாம் போர் ஒரு சாட்சி. அங்கே இருந்த அமெரிக்கப் படைவீரர்களில் ஏறத்தாழ 20 சதவீதம் பேர் ஹெராயினுக்கோ பிற ஓபியத்துக்கோ அடிமையாகியிருந்ததாகத் தாங்களே சொன்னார்கள். இவர்கள் ஊர் திரும்பினால் என்னாகும் என்று அரசு நடுங்கியது. லீ ராபின்ஸ் என்ற ஆய்வாளர் அவர்களைப் பின்தொடர்ந்து பார்த்தார். அங்கே அடிமையாகியிருந்தவர்களில், திரும்பிவந்த முதல் ஆண்டில் மறுபடி அடிமையானவர்கள் சுமார் 5 சதவீதம் பேர். பெரும்பாலோர் சிறப்புச் சிகிச்சை எதுவும் பெறவில்லை. போர்க்களமும், மலிவாகக் கிடைத்த சரக்கும், உடன் புகைத்தவர்களும் இல்லாமல் போனார்கள். வீடும் வேலையும் வந்தன. ஓராண்டுக்குள் அத்தனை பேருக்கும் மன உறுதி முளைத்துவிட்டது என்று யாரும் சொல்ல மாட்டார்கள். 'மனசு வைத்தால் விட்டுவிடலாமே' என்று குடிநோயாளியிடம் சொல்பவர்கள் இந்த ஆய்வைத் தெரிந்துகொள்ள வேண்டும். மனது வைக்க ஏற்ற இடமும் ஆட்களும் அவருக்கு வாய்த்திருக்கிறார்களா என்று முதலில் கேட்க வேண்டும்.

நிர்ணயவாதத்தைச் சொல்லிக்கொடுத்தால் மக்கள் பொறுப்பற்றுப் போய்விடுவார்கள் என்ற அச்சமும் உண்டு. 2008-ல் ஓர் ஆய்வு அதற்கு ஆதாரம் காட்டியது. சுயவிருப்பம் இல்லை என்று படித்தவர்கள் தேர்வில் கூடுதலாக ஏமாற்றினார்கள் என்றது. வேறு ஆய்வாளர்கள் அதைத் திரும்பச் செய்தபோது அந்த விளைவு கிடைக்கவில்லை. அந்த அச்சத்தை இப்போதைக்குத் தள்ளிவைக்கலாம்.

காரணங்களை அறிவது சுதந்திரத்தைக் குறைக்காது, கூட்டும் என்பதை நான் உறுதியாக நம்புவது டூரெட் நோய்க்குறியின் சிகிச்சையைப் படித்த பிறகுதான். இந்தக் குழந்தைகளுக்குக் கழுத்து வெட்டி இழுக்கும், கண் படபடக்கும், தொண்டையிலிருந்து ஒலி வரும். இது தானாக நடப்பதா, அவர்கள் செய்வதா? வளர்ந்த நோயாளிகள் பலர் சொல்லும் பதில், இரண்டுக்கும் நடுவே நிற்கிறது. முதலில் உடம்பில் ஓர் உந்துதல் ஏறுகிறது, தாங்க முடியாமல் நானே செய்துவிடுகிறேன் என்கிறார்கள். 1973-ல் நேதன் அஸ்ரினும் கிரெகரி நன்னும் இதற்குப் பழக்க மாற்றுப் பயிற்சி என்ற முறையை வெளியிட்டார்கள். அஸ்ரின் யார்? சுதந்திரம் என்ற சொல்லையே நம்பாத ஸ்கின்னரிடம் ஹார்வர்டில் ஆய்வு செய்து பட்டம் பெற்றவர்.

பயிற்சி எளிமையானது. வெட்டு, அதாவது அந்த அசைவோ ஒலியோ, வருவதற்கு முந்தைய உந்துதலை, அது உடம்பில் எங்கே தொடங்குகிறது என்பதை, குழந்தை முதலில் கண்டுபிடிக்கப் பழகும். அடுத்து, அந்த வெட்டோடு ஒரே நேரத்தில் செய்ய முடியாத ஓர் அசைவு. கழுத்து வெட்டுக்கு, மோவாயை லேசாகத் தாழ்த்திக் கழுத்துத் தசைகளை மெல்ல இறுக்கிப் பிடிப்பது. தொண்டை ஒலிக்கு, மெதுவாக மூச்சை இழுத்து விடுவது. உந்துதல் தணியும்வரை அல்லது ஒரு நிமிடம் அப்படியே இருக்க வேண்டும். கூடவே எந்த நேரத்தில், யார் முன்னால், எதற்குப் பிறகு வெட்டு கூடுகிறது என்று பெற்றோர் கவனித்து அந்தச் சூழலை மாற்றுவார்கள். 'அடக்கு' என்று அதட்டுவது இந்தச் சிகிச்சையில் கிடையாது.

இதையே விரிவாக்கி 9 முதல் 17 வயதுக்குட்பட்ட 126 பேரிடம் சோதித்தார்கள். முடிவுகள் 2010-ல் வெளியாயின. பத்து வாரங்களில், பயிற்சி பெற்ற குழுவில் பாதிக்குச் சற்று மேற்பட்டவர்களுக்கு நல்ல முன்னேற்றம். ஆறுதலும் நோய் பற்றிய விளக்கமும் மட்டும் பெற்ற குழுவில் ஐந்தில் ஒருவருக்கும் குறைவு. பயிற்சியால் தேறியவர்களில் ஆறு மாதம் கழித்து மறுபடி பரிசோதனைக்குக் கிடைத்தவர்களைப் பார்த்தபோது, 87 சதவீதம் பேருக்கு அந்தப் பலன் நிலைத்திருந்தது.